கடிவாளத்துக்கும் வாய் திறக்கும் குதிரை: இளங்குதிரையை அடிக்காமல் பழக்குவது எப்படி?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த அடுத்த வாரம் எனக்குப் போன் வரத் தொடங்கும். “அண்ணா, ரெண்டு வயசுக் குட்டி ஒண்ணு புடிச்சிட்டு வந்துட்டோமுங்க. கிட்டவே உட மாட்டீங்குது. என்னங்க பண்றது?” ஒரு வாரம் ஒன்றும் பண்ண வேண்டாம் என்பேன். இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் அனுபவஸ்தர் யாராவது, “கம்பத்துல இறுக்கிக் கட்டு, ரெண்டு நாள் கொள்ளு போடாதே, தானா மசியும்” என்று சொல்லியிருப்பார்.

அவர் சொல்வதும் ஒரு வகையில் நடக்கும். கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, அடித்துப் பழக்கிய குதிரையும் வண்டி இழுக்கும், ஆளைச் சுமக்கும். ஆனால் அது பயத்தில் செய்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று எதிரே வந்தால், ரோட்டில் லாரி ஏர்ஹாரன் அடித்தால், உங்கள் மேலுள்ள பயம் அந்த நொடியில் மறந்துபோகும். அப்போது முதுகில் இருப்பது நீங்கள்.

அமெரிக்க மேற்குப் பகுதியிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். குதிரையைப் பழக்குவதற்கு அவர்கள் மொழியில் இருந்த சொல்லே ‘உடைப்பது’. இன்னொரு பக்கம், கலிபோர்னியாவின் பழைய மாட்டுப்பண்ணைகளில் இருந்த வக்கேரோக்கள் (குதிரைமேல் இருந்து மாடு மேய்ப்பவர்கள்) ஒரு குதிரையின் வாயைக் கெடுக்காமல் பழக்கப் பல வருடம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பொறுமையை ஆரிகன் மாநிலத்தில் வளர்ந்த பில், டாம் டோரன்ஸ் சகோதரர்கள் தங்கள் வழியில் மெருகேற்றினார்கள். டாமிடம் கற்ற ரே ஹண்ட் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் பக் பிரானமன். இன்று இதற்கு ‘இயற்கை முறைக் குதிரைப் பயிற்சி’ என்று பெயர். பெயரில் எனக்கு உடன்பாடில்லை. குதிரை முதுகில் மனிதன் ஏறுவதில் இயற்கை எங்கே இருக்கிறது? குதிரையின் இயல்பை அனுசரித்துப் பழக்கும் முறை என்பதுதான் சரி.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

நம் பக்கம் சுழி பார்த்துத்தான் குதிரை வாங்குவார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுழிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் குளம்புக்கும் பல்லுக்கும் கொடுங்கள். மேலும் கீழும் நடுவில் உள்ள முன்பற்கள் இரண்டரை வயது வாக்கில் விழுந்து முளைக்கும். அதற்கு அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். எல்லாமே பால்பல்லாக இருக்கும் குட்டியை ‘மூணு வயசு, நாளைக்கே ஏறலாம்’ என்று ஒருவர் விற்றால் அவர் பொய் சொல்கிறார்.

வயதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் எலும்பு. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளரும் முனை சுமார் இரண்டரை வயதில்தான் மூடுகிறது. முதுகெலும்பு முழுதாக முதிர ஐந்து, ஐந்தரை வயதாகும். இது எல்லா இனத்துக்கும் பொருந்தும், மார்வாரி சீக்கிரம் முதிரும் என்பதெல்லாம் சந்தைப் பேச்சு. பந்தயக் குதிரைகள் இரண்டு வயதில் ஓடுகின்றனவே என்று கேட்பீர்கள். அது பந்தயத்தின் கணக்கு, உடம்பின் கணக்கு இல்லை. மூன்று வயது முடியும்வரை முதுகில் ஏறாதீர்கள். அதற்குள் தரையில் நின்று சொல்லிக்கொடுக்க ஏராளமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து, கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை மூன்றையும் பேசிவிடுங்கள். டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சுலபமாக வரும், ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

இடமும் சாமானும்

சுமார் 60 அடி குறுக்களவில் ஒரு வட்டப் பட்டி இருந்தால் நல்லது. சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே மூன்று வரிசை கட்டினால் போதும். முள்கம்பி மட்டும் கூடவே கூடாது. தரை மணலாகவோ உழுத மண்ணாகவோ இருக்கட்டும். மூலை இல்லாத இடத்தில் குதிரை சிக்கிக்கொண்டதாக நினைக்காது, வட்டமாகக் கட்டுவது அதற்காகத்தான்.

முடிச்சுப் போட்ட கயிற்று ஹால்டர் (இரும்பு இல்லாமல் தலையில் மாட்டும் கயிறு) ஒன்று, கைக்கு நிறைவாக இருக்கும் 12 அடிக் கயிறு ஒன்று, நுனியில் துணி கட்டிய நாலடி மூங்கில் குச்சி ஒன்று. குச்சி அடிக்க இல்லை, கையை நீட்டிக்கொள்ள. உங்களுக்குக் கையுறை, மூடிய ஷூ, ஹெல்மெட். கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். ஒரு தடவை சோம்பலில் ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தேன். நாய் குரைத்தது, குட்டி எகிறியது. வலது ஆள்காட்டி விரல் இன்றும் முழுசாக மடங்காது.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலையே இல்லாத குட்டிக்கு நாளெல்லாம் கொள்ளு வைத்து, ஒற்றையாக லாயத்தில் கட்டிவைத்துவிட்டு, ‘துள்ளுகிறது’ என்று புகார் சொல்வது நியாயமில்லை. அதன் உடம்பு நாள் முழுக்க மேய்வதற்கு அமைந்தது. காய்ந்த புல்லும் பச்சையும் நிறையப் போடுங்கள், கொள்ளைக் குறையுங்கள். துணைக்கு இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஓர் ஆடாவது பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தவரை அவிழ்த்துவிட்டு வையுங்கள்.

முதல் வாரம்: சும்மா இருப்பது

பட்டிக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். போன் பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம். குதிரையை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். நேராக வெறித்துப் பார்த்துக்கொண்டு நேர்கோட்டில் நடந்து வருவது இரை தேடும் மிருகம். குதிரை இரையாகவே பல லட்சம் வருடம் வாழ்ந்து வந்தது. தலையின் இரண்டு பக்கமும் கண் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டுதான். நெற்றிக்கு நேர் முன்னால் மூக்கை ஒட்டிய கொஞ்ச இடம், வாலுக்கு நேர் பின்னால். புதியவர்கள் செய்யும் இரண்டு தப்பும் இந்த இரண்டு இடத்தில்தான் நடக்கும். ஆசையாக நெற்றியைத் தடவப் போவார்கள், அல்லது பின்பக்கமாக வந்து திடீரென்று தட்டுவார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அதுவாகவே வந்து உங்கள் தோளை மோந்து பார்க்கும். அப்போதும் கையை நீட்டாதீர்கள். அது போகட்டும், திரும்ப வரட்டும்.

தொடுவதைத் தோளிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் நடந்து போங்கள். அது தலையைத் தூக்கினால், அல்லது எடையைப் பின்னால் மாற்றினால், அங்கேயே நில்லுங்கள். அது கொஞ்சம் தளர்ந்ததும் நீங்கள் திரும்பி இரண்டடி விலகுங்கள். இந்த விலகல்தான் நீங்கள் கொடுக்கும் முதல் பரிசு. பத்துத் தடவை இப்படிப் போய் வந்தால் பதினோராவது தடவை கை தோளில் இருக்கும். பிடரி மயிர் முடியும் இடத்தில், தோள்களுக்கு நடுவே உள்ள மேட்டில் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மேல் உதடு நீண்டு துடித்தால் சரியான இடத்தில் கை இருக்கிறது என்று அர்த்தம்.

காதையும் வாயையும் படிக்கப் பழகுங்கள். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் காது நுனி உள்ளே வளைந்திருப்பதால் மற்ற இனங்களைப் பற்றிய படங்களைப் பார்த்துக் கற்றவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். நுனியை விட்டுவிடுங்கள், காதின் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். கழுத்தோடு ஒட்டிப் பின்னால் படுத்தால் விலகிக்கொள்ளுங்கள். உதடு இறுகுவது, கண்ணில் வெள்ளை தெரிவது, வாலைச் சுழற்றுவது எல்லாம் ‘போதும்’ என்பதன் வடிவங்கள். நாக்கால் உதட்டை நக்கி மெல்லும்போது ‘அதுக்குப் புரிஞ்சிடுச்சு’ என்று சிலர் சொல்வார்கள். பதற்றம் இறங்குகிறது என்று மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன். இறங்குகிறது என்றால் சற்று முன்புவரை பதற்றம் இருந்தது என்றும் பொருள்.

விடும் கணம்

இந்த முறையில் நான் எதைச் சரியாகச் செய்கிறேன், எதில் சொதப்புகிறேன் என்று திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஓர் இடத்தில் வந்து நிற்கும். கயிற்றை இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. விடும்போது கற்கிறது. எந்த அசைவுக்கு அழுத்தம் நின்றதோ அந்த அசைவுதான் அதன் மனதில் பதியும். விடுவதற்கு இரண்டு மூன்று நொடி தாமதித்தால் வேறு ஏதோ ஒன்று பதிந்துவிடும்.

ஹால்டர் மாட்டியதும் இதை வைத்துத் தொடங்குங்கள். காதுக்குப் பின்னால் உச்சந்தலையில் விரல்களை வைத்து லேசாக அழுத்துங்கள். தலை ஓர் அங்குலம் இறங்கினாலும் உடனே கையை எடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் மயிரைத் தொடுவதுபோல், அப்புறம் தோலை, அப்புறம் தசையை, கடைசியில் எலும்புவரை. கூட்டுவது மெதுவாக, விடுவது சட்டென்று. ஒவ்வொரு முறையும் மயிரிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். நேராகத் தசைக்குப் போனால் குதிரை தசைக்குத்தான் பதில் சொல்லும், கடைசிவரை கை வலிக்க அழுத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாரத்தில் விரலைக் கொண்டுபோனாலே தலை தாழும்.

இதே விதியில் மூன்று காரியம். கயிற்றை முன்னும் பின்னும் லேசாக ஆட்டி, பின்னால் ஓரடி போகச் செய்வது. தோளில் விரல் வைத்து முன்னங்காலை நகர்த்துவது. விலாவுக்குப் பின்னால் தொட்டு, பின்னங்கால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டும்படி பின்பக்கத்தை நகர்த்துவது. மூன்றாவதை அசட்டையாக விடாதீர்கள். குதிரையின் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பின்னங்கால்கள் குறுக்கே போகும்போது அதனால் பாய முடியாது. நாளைக்கு முதுகில் இருக்கும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

எதைச் சொல்லிக்கொடுத்தாலும் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். இடது பக்கம் பழகிய ஒன்றை வலது கண்ணால் பார்த்தால் புதிதாகப் பார்ப்பதுபோல மிரளும். நம்மூரில் எல்லாவற்றையும் இடப்பக்கமே நின்று செய்வதால் பல குதிரைகளுக்கு வலது பக்கம் ஒரு அந்நிய தேசம்.

நடத்திக்கொண்டு போகும்போது கயிறு தொய்ந்திருக்க வேண்டும். உங்களைச் சுற்றி ஒரு கை நீளம் உங்கள் இடம், கூப்பிடாமல் அதற்குள் வரக்கூடாது. சின்னக் குட்டி தோளில் தலையை முட்டும்போது கொஞ்சலாக இருக்கும். 350 கிலோ ஆன பிறகு அதே முட்டு உங்களைக் கீழே தள்ளும். கையால் வெல்லம் ஊட்டுவதையும் குறையுங்கள், ஆண் குட்டிகளுக்கு அதுவே கடிக்கிற பழக்கமாகிவிடும். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சட்டியில் போடுங்கள்.

ஒரு பாடம் 15 நிமிடம், மிஞ்சினால் 20. வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையில். நன்றாகச் செய்தது என்று தோன்றும்போது ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கை பரபரக்கும். அந்த இடத்தில் ஹால்டரைக் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

பயத்தைப் பழக்குவது

நான் முதன்முதலில் பழக்கிய பெட்டைக் குட்டிக்குப் பிளாஸ்டிக் பை என்றால் உயிர் போகும். குச்சி நுனியில் பையைக் கட்டித் தோளில் வைப்பேன். துள்ளும். பாவமாக இருக்கும், எடுத்துவிடுவேன். மறுபடி வைப்பேன், துள்ளும், எடுப்பேன். நாலாவது நாள் நான் பையோடு பட்டிக்குள் நுழைந்ததுமே இரண்டு காலில் நின்றது. துள்ளினால் பை போய்விடும் என்று மூன்று நாளாக நானே கற்றுக்கொடுத்திருந்தேன். விடும் கணம் தப்பினால் இப்படித்தான்.

சரியான வழி வேறு. பையைக் குதிரையிடம் கொண்டுபோகாதீர்கள். குதிரையிலிருந்து விலகி நடங்கள், பை உங்கள் முன்னால் இருக்கட்டும், குதிரை பின்னால் வரட்டும். ஓடுகிற பொருள் பயமுறுத்தாது, துரத்திப் பார்க்கத் தோன்றும். அதுவே மூக்கை நீட்டும்வரை நடங்கள். அப்புறம் தூரத்தில் நின்று ஆட்டுங்கள். நகர்ந்தாலும் ஆட்டத்தை நிறுத்தாமல் அதே அளவில் வையுங்கள், கூட்டவும் வேண்டாம். நான்கு காலும் நின்று மூச்சு விட்டதும் நிறுத்துங்கள். எகிறி ஓடும் அளவுக்குப் போய்விட்டது என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே ஆரம்பித்துவிட்டீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள்.

குடை, தார்ப்பாய், தண்ணீர்க் குழாய், பைக் ஹாரன், திருவிழா மேளம் என்று ஒவ்வொன்றாக இதே வரிசையில். மேளத்தை முதலில் அரை கிலோமீட்டர் தள்ளிக் கேட்கட்டும், மேய்ந்துகொண்டே கேட்கட்டும்.

கால் தூக்கப் பழக்குவதும் இதே சேதிதான். தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழே இறங்குங்கள். ஒரு நொடி தூக்கியதும், அது பிடுங்குவதற்கு முன்னால் நீங்களே கீழே வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வேண்டும். லாடம் கட்டுபவர் வரும் நாளில் முதன்முதலாகக் காலைத் தூக்கினால் திட்டு உங்களுக்கு, அடி குதிரைக்கு.

வட்டப் பட்டியில் ஓர் எச்சரிக்கை

இணையத்தில் வீடியோ பார்த்திருப்பீர்கள். ஒருவர் குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார், அரைமணி நேரத்தில் அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் வரும், கூட்டம் கைதட்டும். தேர்ந்தவர்கள் அதன் காதையும் மூச்சையும் பார்த்து உரிய கணத்தில் விடுவார்கள். பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் வெறுமனே விரட்டுகிறார்கள். ஓடிக் களைத்து, வேறு வழியில்லாமல் வருவதை நம்பிக்கை என்று எண்ணிக்கொள்கிறோம். இளங்குட்டியின் மூட்டுக்கும் வட்ட ஓட்டம் ஆகாது. இரண்டு மூன்று சுற்று நடை, கொஞ்சம் துள்ளோட்டம், திசை மாற்றம். அது உங்கள் பக்கம் ஒரு காதைத் திருப்பியதும் நீங்கள் பின்னால் ஓரடி வையுங்கள். அவ்வளவுதான்.

சேணம், கடிவாளம்

முதலில் வெறும் சாக்கு, அப்புறம் மெத்தை, அப்புறம் சேணம். ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கக் கொடுத்துவிட்டு முதுகில் வையுங்கள், எடுங்கள், இரண்டு பக்கமும். வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். ஒரு துளை, நாலடி நடை, இன்னொரு துளை. பாதி இறுக்கத்தில் விடுவதும் ஆபத்து, சேணம் வயிற்றுக்கடியில் புரண்டால் அந்தக் குதிரைக்குச் சேணமே வாழ்நாள் எதிரி ஆகிவிடும். முதல் நாள் எகிறிக் குதித்தால் கயிற்றை விட்டுவிட்டுப் பட்டிக்கு நடுவில் நில்லுங்கள்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைக் குறை சொல்லும் பழமொழி நம்மிடம் இருக்கிறது. எனக்கென்னவோ அதில் குதிரை பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இரும்பை வாயில் வைத்தால் யார்தான் திறப்பார்கள்? வெறும் ஹால்டரிலேயே முதல் சவாரிகளை முடித்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை. கடிவாளம் போடுவதற்கு முன்னால் மருத்துவரை விட்டுப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். விழப்போகும் பால்பல்லோ, கடைவாய்க்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப் பல்லோ இரும்பில் உரசினால் தலையை உதறும். அதற்கு அடி வாங்கிய குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலை தாழ்த்தக் கற்றதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வாய் ஓரத்தில் பல் இல்லாத இடத்தில் கட்டைவிரலை வைத்தால் திறக்கும். வழவழப்பான, நடுவில் மூட்டுள்ள சாதாரணக் கடிவாளத்தில் கொஞ்சம் வெல்லப்பாகு தடவி உள்ளே விடுங்கள். வெயிலில் கிடந்த இரும்பைக் கையில் தொட்டுப் பார்க்காமல் வாயில் வைக்காதீர்கள். முள் வைத்த கடிவாளம் இன்றும் சில கடைகளில் தொங்குகிறது. 1965-ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகளுக்கான விதிகளிலேயே அது தடை. கழற்றும்போது இழுக்காமல் அதுவே துப்பும்வரை காத்திருங்கள். இப்படிச் செய்தால் கடிவாளத்தைக் கண்டதும் அதுவே வாயைத் திறக்கும் நாள் வரும்.

ஏறும் நாள்

வயது மூன்றைத் தாண்டியாயிற்று, தரையில் சொன்னதெல்லாம் விரல் நுனிக்கே நடக்கிறது. இப்போது முக்காலி ஒன்றைப் பக்கத்தில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். குதிரைக்கு மேலே இருந்து ஆள் தெரிவது புதுசு. அங்கிருந்தே முதுகைத் தடவுங்கள், சேணத்தைத் தட்டுங்கள், இறங்குங்கள். அடுத்த நாள் குறுக்கே வயிற்றால் படுத்துப் பாரம் கொடுங்கள். கீழே ஹால்டரைப் பிடிக்க, பதற்றப்படாத ஓர் ஆள் வேண்டும். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் காலை முழுசாக நுழைக்காதீர்கள், பாதத்தின் முன்பாகம் மட்டும்.

ஏறி உட்கார்ந்ததும் முதல் பாடம் நடப்பது இல்லை, கழுத்தைத் திருப்புவது. ஒரு பக்கக் கயிற்றை மெதுவாக உங்கள் முட்டிப் பக்கம் கொண்டுவாருங்கள். மூக்கு திரும்பியதும் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு அதோடு காலால் லேசாகத் தொட்டால் பின்பக்கம் நகரும், தரையில் பழகியதுதான். மிரண்டு ஓடத் தொடங்கினால் இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுக்காதீர்கள், முட்டுக்கொடுத்ததுபோல் இன்னும் பலமாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் திருப்புங்கள், எஞ்சின் அணைந்துவிடும். வேகமாகப் போகும்போது வெடுக்கென்று இழுத்தால் தடுமாறி விழும், அதனால் வட்டத்தைப் படிப்படியாகச் சுருக்குங்கள்.

முதல் சவாரி ஐந்து நிமிடம் போதும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது வளர்ந்த குதிரைக்கான கணக்கு. 350 கிலோக் குதிரைக்கு அது 70 கிலோ. இளங்குதிரைக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும், ஆகவே வீட்டில் ஒல்லியாக, நன்றாகச் சவாரி தெரிந்த யாராவது இருந்தால் முதல் மாதங்களை அவரிடம் விடுங்கள்.

பத்துப் பதினைந்து சவாரி ஆனதும் சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மாதம் மேய்ச்சலில் விடுங்கள். மறந்துவிடும் என்று பயப்படாதீர்கள். திரும்பக் கூட்டி வரும்போது முக்காலியை எடுக்காமல் ஹால்டரும் உச்சந்தலையில் விரலுமாக ஆரம்பியுங்கள். தலை உடனே தாழ்ந்தால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.